ஒரு சதக் கணக்கு

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், கறுப்பின வரலாற்று மாதத்துக்காக வயோலா டெஸ்மண்ட் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசப் போகிறான். சேர்ந்து தயார் செய்ய அவனுடைய கறுப்பினச் சிநேகிதன் வீட்டுக்கு வந்தான். அந்தக் கறுப்பினப் பிள்ளை போனதும் என் மாமா, "இந்தக் காப்பிலிப் பெடியனை ஏன் உள்ளுக்கு விட்டனீங்கள்?" என்றார். மகன் கோபப்பட்டான். "அந்த மனிசியைப் பத்து டொலர் தாளிலேயே போட்டாச்சு, இனி என்ன இனவாதம்? எல்லாம் சாட்டு" என்றார் மாமா. "அப்பப்பா ஒரு ரேசிஸ்ட்" என்று சொல்லிவிட்டு, மகன் பத்து நாளாக அவரோடு பேசவில்லை. கணவர், "வயசு போனவர், விடு" என்கிறார். மாமா கெட்டவர் இல்லை. தரப்படுத்தலால் பொறியியல் படிப்பை இழந்ததை இன்றைக்கும் சொல்லிக் கவலைப்படுவார். நான் யார் பக்கம் நிற்பது?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, மகன் பக்கம் நில்லுங்கள். அவன் பத்து நாள் பேசாமல் இருப்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமா அந்தப் பத்து டொலர் தாளைக் காட்டித்தானே வாதாடினார், அதிலிருந்தே தொடங்குவோம். வயோலா டெஸ்மண்ட் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸில் அழகு நிலையம் நடத்தியவர். அங்கே கறுப்பினப் பெண்களை அழகுக்கலை படிக்கச் சேர்க்கமாட்டார்கள் என்பதால் மொன்றியல் வரை போய்ப் படித்து வந்து, பிறகு தானே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1946 நவம்பர் 8ஆம் திகதி, வியாபார விஷயமாகப் போகும் வழியில் நியூ கிளாஸ்கோ என்ற ஊரில் கார் பழுதாகிவிட்டது. திருத்த மறுநாள் ஆகும் என்றார்கள். சரி, ஒரு படம் பார்க்கலாமென்று ரோஸ்லாந்து தியேட்டருக்குப் போனார். கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால் கீழே முன்பக்கம் போய் உட்கார்ந்தார். கறுப்பினத்தவர்களுக்கு மாடி இருக்கை மட்டுமே கொடுப்பது அந்தத் தியேட்டரின் எழுதாத வழக்கம். மிச்சக் காசைத் தருகிறேன், கீழ் டிக்கெட் கொடுங்கள் என்று கேட்டும் கொடுக்கவில்லை. அவர் எழும்ப மறுத்தார். இழுத்து வெளியே கொண்டுபோனார்கள், அதில் இடுப்பிலும் முழங்காலிலும் காயம். இரவு முழுக்கச் சிறையில் வைத்தார்கள். வெள்ளைக் கையுறையைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே விடியும் வரை இருந்தாராம்.

மறுநாள் நீதிமன்றத்தில் அவர்மேல் சாட்டிய குற்றம் என்ன தெரியுமா? வரி ஏய்ப்பு. கீழ் டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி 3 சதம், மாடி டிக்கெட்டுக்கு 2 சதம். ஆக, மாகாண அரசை ஒரு சதம் ஏமாற்றிவிட்டாராம். தண்டம் 20 டொலர், செலவுக்கு இன்னும் 6 டொலர். வழக்கறிஞர் யாரும் கூட இல்லை. தோலின் நிறம் பற்றி அந்த விசாரணையில் ஒரு பேச்சும் எழவில்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போனபோதும் நடைமுறைக் காரணம் காட்டி வழக்கைத் தள்ளினார்கள்.

உங்கள் மகனின் பேச்சில் 'வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்ததற்குத் தண்டம்' என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு சதத்தை விட்டுவிட்டால் கதையின் அரைவாசி போய்விடும்.

இப்போது மாமாவின் தரப்படுத்தலுக்கு வாருங்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்து மாறியது. 'தமிழருக்கு இடமில்லை' என்று எந்தக் கடதாசியிலும் எழுதியிருக்கவில்லை. மொழிமூலம், புள்ளி, சராசரி என்று எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. அந்தக் கணக்குக்குள்ளே என்ன ஒளிந்திருந்தது என்று மாமாவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நோவா ஸ்கோஷியாவின் ஒரு சதத்தை இந்த நாட்டில் பிறந்த என்னுடைய பிள்ளைகளை விட அவரால் வேகமாகப் புரிந்துகொள்ள முடியும். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அதிகம் வலிக்கிறது.

வயோலா 1965இல் இறந்துபோனார். மாகாணம் பொதுமன்னிப்பு வழங்கியது 2010இல். பத்து டொலர் தாளில் அவர் முகம் வந்தது 2018இல். அதற்கு அடுத்த வருடமே, அதே ஹாலிஃபாக்ஸில் பொலிஸ் தெருவில் மறித்து விபரம் எடுப்பதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியானது: வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரை ஆறு மடங்கு அதிகமாக மறித்திருக்கிறார்கள். தாளில் படம் வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறவரிடம் இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அப்புறம் அந்தச் சொல். 'காப்பிலி' பழைய சொல், ஊரில் எல்லாரும் சொன்னதுதான், ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பார்கள். நானும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது. இதே வேரிலிருந்து வந்த சொல்லால் பொலிஸ்காரரைத் திரும்பத் திரும்ப ஏசியதற்காகத் தென்னாபிரிக்காவில் 2018இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே விதித்தார்கள். எண்ணம் இருந்ததோ இல்லையோ, கேட்கிறவனுக்கு அது வசவு. அதோடு மாமா சொல்லை மட்டும் சொல்லவில்லையே, உள்ளே விடாதே என்றும் சொன்னார். அது ரோஸ்லாந்து தியேட்டரின் மாடிப்படிதான்.

சரி, என்ன செய்வது? மாமாவிடம் இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் அது மருமகள் சண்டையாகிவிடும், காப்பிலி என்ற சொல் காணாமல் போய்விடும். சொல்லவேண்டியவர் உங்கள் கணவர். 'வயசு போனவர், விடு' என்று நழுவ அவருக்கு இந்த முறை இடம் கொடுக்காதீர்கள். மகன் இல்லாத நேரம் பார்த்து, "அப்பா, இந்தச் சொல் இனி இந்த வீட்டில் வேண்டாம், பிள்ளையின்ர சிநேகிதப் பிள்ளையள் வந்து போவினம்" என்ற இரண்டு விஷயத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடம் அப்பாவுக்கு மகன் எடுக்க வேண்டாம்.

அதைப் பேரன் எடுக்கட்டும். 'ரேசிஸ்ட்' என்று பட்டம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது பதினான்கு வயதில் சுலபம். அப்பப்பாவிடம் போய்த் தரப்படுத்தலில் என்ன நடந்தது, எத்தனை புள்ளி, யார் வந்து சொன்னார்கள் என்று முழுவதையும் கேட்கச் சொல்லுங்கள். மடக்கும் நோக்கத்தோடு கேட்டால் கிழவருக்கு உடனே தெரிந்துவிடும், அதனால் உண்மையாகவே கேட்கவேண்டும். பிறகு அந்த ஒரு சதக் கதையைத் தமிழில் அவருக்குச் சொல்லட்டும். மாமா மாறுவார் என்று நான் உறுதி தரமாட்டேன். எழுபது வயதுக்கு மேல் சிலர் மாறியிருக்கிறார்கள், சிலர் வாயை மட்டும் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இப்போதைக்கு அதுவும் உதவிதான்.

ஒன்று கேட்டால் கோபிக்கமாட்டீர்களே? உங்கள் கடிதத்தில் எல்லாருக்கும் ஒரு முறை இருக்கிறது: மகன், மாமா, கணவர். அந்தப் பெடியன் மட்டும் இரண்டு இடத்திலும் 'கறுப்பின' என்ற அடையோடுதான் வருகிறான். அவன் அடுத்த தடவை வரும்போது பெயரைக் கேட்டு, மாமாவை முன்னறைக்குக் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்து வையுங்கள். தேத்தண்ணியும் போட்டுக் கொடுங்கள்.