ஆஸ்துமா மருந்தை எப்போது குறைக்கலாம்?

ஆறு மாதமாக வீசிங் இல்லை. காலையும் இரவும் எடுக்கும் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா? வயது 34.

நிறுத்த வேண்டாம், குறைக்கலாம். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அந்த மருந்து அடக்கி வைத்திருப்பதால்தான் இந்த ஆறு மாத நிம்மதி. சட்டென்று விட்டவர்கள் சில வாரங்களில் நடு இரவில் மூச்சிரைத்து வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பகல் தொந்தரவு வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இல்லை, இரவில் இருமி எழுவதில்லை, மாடி ஏறத் தடையில்லை என்ற நிலை மூன்று மாதம் நீடித்தால், உங்கள் மருத்துவர் இன்ஹேலரில் வீக்கத்தை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டின் அளவைக் கால் பங்கு முதல் பாதி வரை குறைப்பார். பிறகு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து அடுத்த படி. சளி பிடித்திருக்கும்போதும், கர்ப்ப காலத்திலும், வெளியூர்ப் பயணத்துக்கு முன்பும் இதைத் தொடங்கக் கூடாது. மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் ஊதி எழுதி வையுங்கள். உங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், உடல் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் பேசுங்கள்.

லேசான ஆஸ்துமா என்றால் தினசரி மருந்தே தேவைப்படாமல் போகலாம். வீக்கத்தை அடக்கும் புடெசோனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறையை 2019 முதல் 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது வேறு. அது குழாயை விரிக்குமே தவிர வீக்கத்தைத் தொடாது. அந்தப் பழக்கம் வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஒன்பது வயது மகனுக்கு இன்ஹேலர் பழகிவிடும் என்கிறார் மாமியார். மாத்திரையே போதாதா?

அவருடைய பயம் பேரன் மேலுள்ள அக்கறை. கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரை என்பது 2,000 மைக்ரோகிராம். இன்ஹேலரின் ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்தம், வெறும் 100. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுவதால்தான் கை நடுக்கமும் படபடப்பும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் மருந்து அல்ல. ஸ்டீராய்டு இன்ஹேலரால் சில குழந்தைகளுக்கு உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம், உண்மைதான். ஆனால் அது வருடாவருடம் கூடிக்கொண்டே போவதில்லை. இன்ஹேலரோடு பொருத்தும் குடுவையான ஸ்பேசர் வைத்துக் கொடுங்கள், அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மருந்து போதாமல் இல்லை, உள்ளே போவதில்லை. அடுத்த முறை மருத்துவர் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காலையில் எழுந்ததும் இருபது தும்மல். வீட்டில் என்ன மாற்றலாம்?

படுக்கையிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தூசிப்பூச்சிக்கு மெத்தையும் தலையணையும்தான் வீடு. உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். கரப்பான் பூச்சியையும் ஒழியுங்கள், அதுவும் ஒவ்வாமை தரும். கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் படுக்கையறைக்குள் வேண்டாம், கொசுவலை போதும். மருத்துவர் எழுதித் தந்த மூக்கு ஸ்பிரேயைத் தொடர்ந்து அடியுங்கள்: வலக்கையால் இடது மூக்கு, இடக்கையால் வலது மூக்கு. அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாது, ரத்தமும் கசியாது. மூக்கு அடங்கினால் நெஞ்சும் அடங்குவதைப் பலரிடம் காணலாம்.

அலர்ஜி ஊசி போட்டால் நிரந்தரமாகத் தீருமா?

தீரும் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வாமை தரும் பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் ஊசி இது. சரியான ஆளுக்கு மருந்துத் தேவை நன்றாகக் குறையும், நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பலன் நிற்கும். பரிசோதனையில் தெரிந்த ஒவ்வாமையும் உங்கள் தொந்தரவும் பொருந்த வேண்டும், மூன்று முதல் ஐந்து ஆண்டு பொறுமை வேண்டும். ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது போடவே கூடாது.

ஹைதராபாத் மீன் மருந்துக்குப் போகலாமா?

ஜூன் மாதம் உயிர் விரால் குஞ்சை விழுங்க எத்தனையோ பேர் நம்பிக்கையோடு போகிறார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. போவதானாலும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், வரிசையை விட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.