முதன்முதலாகப் பேடல் மேட்ச் ஆடப் போகிறேன். எப்படித் தயாராவது?

துபாயில் ஆபீஸ் ஆட்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், வார இறுதியில் மேட்ச், கையில் இருப்பது பேட்மிண்டன் அனுபவம் மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பேடல் என்பது கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் சூழ்ந்த கோர்ட்டில், இருவர் இருவராக ஆடும் மட்டைப் பந்தாட்டம். பேட்மிண்டன் அனுபவம் அதில் பாதி உதவும், பாதி காலை வாரிவிடும்.

மட்டை வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலான கோர்ட்டுகளில் வாடகைக்குக் கிடைக்கும். வட்டத் தலை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். டைமண்ட் வடிவத்தில் கனம் முழுக்க மேலே இருக்கும், புதுக் கைக்கு அடங்காது. மணிக்கட்டுக் கயிற்றை மாட்டியே ஆக வேண்டும், அது விதி. தரை மணல் தூவிய செயற்கைப் புல், ஜாகிங் ஷூ வழுக்கும். டென்னிஸ் களிமண் கோர்ட்டுக்கான ஷூ இருந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பேட்மிண்டனில் இறகுப் பந்து கீழே விழுவதற்குள் பாய்ந்து எடுப்போம். இங்கே பந்து உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும், பின்னால் கண்ணாடி இருக்கிறது. 1969-ல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா தன் வீட்டில் சுவர் எழுப்பி ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. சுவரை நம்பாதவர் இதில் பாதி ஆட்டம்தான் ஆடுகிறார்.

மேட்சுக்கு அரை மணி முன்னால் போய், மட்டையைக் கீழே வைத்துவிட்டு, பந்தைத் தரையில் குத்திக் கண்ணாடியில் படும்படி ஒருவரை வீசச் சொல்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பந்தோடு சேர்ந்து பின்னால் போய், அது கண்ணாடியில் பட்டு உங்களைக் கடந்து முன்னே வரும்போது ஒரு கையால் பிடியுங்கள். பிடிக்க வந்துவிட்டால் அடிக்கவும் வரும். மட்டையைத் தாழ்வாக வைத்துக் கீழிருந்து தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்மாஷ் ஆசையை அடக்குங்கள். நீங்கள் ஓங்கி அடித்தது எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பட்டு, அவர்கள் மட்டைக்கு அல்வா மாதிரி வந்து நிற்கும். அதைவிட அவர்கள் தலைக்கு மேலே உயரமாக ஒரு லாப் தூக்கிவிட்டால், வலையருகே நிற்கும் இருவரும் பின்னால் ஓடியாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து முன்னேறி வலையைப் பிடியுங்கள். நடுவில் 88 செ.மீ. உயரமே உள்ள வலை, கிட்டே நிற்பவருக்குத்தான் சாதகம்.

விதிகளில் புதியவர்கள் சண்டை போடும் இடங்கள் சில. சர்வீஸில் பந்தைத் தரையில் தட்டி, இடுப்புக்கு மேல் போகாமல், எதிர்ப்பக்க சர்வீஸ் கட்டத்துக்குக் குறுக்காக அடிக்க வேண்டும், இரண்டு வாய்ப்பு உண்டு. கட்டத்தில் குத்திய பிறகு கண்ணாடியில் பட்டால் சரி, கம்பி வலையில் பட்டால் ஃபால்ட். ஆட்டத்தின் நடுவே, எதிரணிப் பக்கம் பந்து முதலில் தரையைத் தொட வேண்டும், நேராக அவர்கள் கண்ணாடியில் அடித்தால் புள்ளி போச்சு. உங்கள் பக்கக் கண்ணாடியில் அடித்து அந்தப் பக்கம் அனுப்புவதற்குத் தடையில்லை.

புள்ளிகள் 40-40 என்று சமமாக வந்தால் ஒரே பந்தில் முடிவா, டென்னிஸ் போல அட்வான்டேஜா (அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் வெற்றி) என்பதை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பந்து என்றால் எந்தப் பக்கத்தில் சர்வீஸை வாங்குவது என்பதை வாங்கும் அணியே சொல்லலாம். உங்கள் ஜோடியில் யார் நன்றாகத் திருப்பி அடிக்கிறாரோ அவர் பக்கமே கேளுங்கள், மேலாளர் என்பதற்காக அவருக்கு விட்டுக் கொடுக்க வேண்டாம்.