வயது மட்டும் தடையாகுமா?

கேள்வி: 76 வயதான என் தந்தையின் கல்லீரலில் உள்ள புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து அகற்றலாம் என்று பினாங்கு மருத்துவர் கூறுகிறார். இந்த வயதில் அறுவைக்குப் பின் நெடுநாள் வாழ இயலுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அடையாள அட்டையிலுள்ள வயதைக் காட்டிலும், கட்டியை நீக்கியபின் எஞ்சும் கல்லீரல் எவ்வளவு, அது எப்படி இயங்குகிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. நலமான கல்லீரலில் சுமார் 30 விழுக்காடு எஞ்சினாலே போதும். தழும்பேறிய கல்லீரலுக்கு 40 விழுக்காடாவது வேண்டும். கல்லீரல் சீராக இயங்குபவர்களைத் தேர்ந்து அறுவை செய்யும்போது பாதிப் பேருக்குக் குறையாமல் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தகுதியுள்ள முதியவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் இதய நோயோ நீரிழிவோ (நம்மவரில் அது இல்லாத வீடு ஏது?) இருந்தால் தேறுவதற்கு நாளாகும்.

பாதிக்கு மேற்பட்டோருக்கு 5 ஆண்டுகளுக்குள் கட்டி திரும்புவதால், முதல் இரண்டு ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றில் மிகக்கூடிய ஒரு புரதம்) அளவைக் காணும் இரத்தப் பரிசோதனையும் அவசியம். கல்லீரல் புற்றுக்குக் காரணமாகக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி கிருமி தந்தைக்கு உள்ளதா என்றும் கேளுங்கள். மலேசியாவில் பச்சிளங்குழந்தைகளுக்கு அதைத் தடுக்கும் ஊசித் திட்டம் 1989இல்தான் தொடங்கியது; எனவே அவர் தலைமுறைக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிட்டவில்லை. அக்கிருமி இருப்பின், அறுவைக்குப் பிறகும் அதற்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது.