மேக்பிரேன் கப்பல் நிறுவனம் எப்படித் தொடங்கியது?

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு ஓடும் கப்பல்களில் ‘மேக்பிரேன்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு குடும்பப் பெயர். கிளாஸ்கோவின் பர்ன்ஸ் சகோதரர்கள் 1851-இல் தங்கள் மேற்குத் தீவுச் சேவையை டேவிட் ஹட்சிசன் பெயரிலான நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதன் மூன்று பங்காளிகளில் ஒருவர் டேவிட் மேக்பிரேன், பர்ன்ஸ் சகோதரர்களின் சகோதரி மகன். 1879-இல் முழு நிறுவனமும் அவர் கைக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிறுவனத்தின் ‘அயோனா’ கப்பல்களின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் கடல் முற்றுகையைத் தாண்டித் தெற்குக்குச் சரக்கு கொண்டுபோக, வேகமான நீராவிக் கப்பல்களுக்குக் கடும் போட்டி. முதல் அயோனா 1862-இல் நல்ல விலைக்குப் போனது. கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றை விட்டு வெளியேறும் முன்பே வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இரண்டாவதும் விற்கப்பட்டு, 1864-இல் லண்டி தீவருகே மூழ்கியது. ஆனால் அதன் மேல்தள அறைகளை முன்பே கழற்றி வைத்திருந்தார்கள். அவற்றைப் பொருத்திய மூன்றாவது அயோனா 1936 வரை உழைத்தது!

அப்புறம் 1878-இல் வந்த ‘கொலம்பா’. அதற்குள்ளேயே தபால் நிலையம், முடிதிருத்தும் கடை. தீவுக்காரர்களின் கடிதங்கள் கப்பல் ஓடும்போதே வகைபிரிக்கப்பட்டன.

டேவிட் 1907-இல் காலமானார். 1927-இல் ஒரே ஆண்டில் மூன்று கப்பல்கள் பறிபோயின, நிறுவனம் தள்ளாடியது. 1928-இல் ஒரு ரயில் நிறுவனமும் கோஸ்ட் லைன்ஸ் என்ற கப்பல் நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கின. 1973-இல் கலிடோனியன் ஸ்டீம் பேக்கட் என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்தோடு இணைந்து ‘கலிடோனியன் மேக்பிரேன்’ ஆனது. குடும்பம் விலகிவிட்டாலும் பெயர் இன்றும் கப்பல்களில் இருக்கிறது.