வயலின் சத்தமே வரலையே!
மேடை இசை: வாசகர் கேள்வி – பதில்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ராக் பாடல்களை மேடையில் வாசிக்கிறோம். இரண்டு கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு. ஒரிஜினலில் வயலின், செல்லோ வருகிற பாட்டுகளுக்காக இரண்டு வயலின்காரர்களைச் சேர்த்தோம். வில் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. மைக்கைக் கூட்டினால் விசிலடிக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், பாளையங்கோட்டை

மைக்கைத் தொடுவதற்கு முன் கிடாரைத் தொடுங்கள். வயலினின் அடித் தந்தி 196 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 196 அதிர்வு) தொடங்குகிறது. ஆனால் கூட்டத்துக்கு நடுவே அது தனித்துக் கேட்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியால்தான். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட கிடார், சிம்பல், பாடகர் குரல் எல்லாம் குடியிருப்பதும் அதே தெருவில். அங்கே இடம் காலி செய்யாமல் வயலினை மட்டும் கூட்டினால் விசில்தான் வரும்.

முதலில் கிடாரின் கெயினை, அதாவது அந்தக் கரகரப்பைக் கூட்டும் திருகை, பாதியாகக் குறையுங்கள். வாசிப்பவருக்கு 'சப்'பென்று இருக்கும். எதிரே நிற்பவருக்கு அப்படி இருக்காது. வயலின் நீள ஸ்வரம் பிடிக்கிற இடங்களில் ஒரு கிடார் நிற்கட்டும். மற்றது அடித் தந்திகளில் உள்ளங்கையை வைத்து அடக்கி வாசிக்கட்டும். டிரம்ஸ்காரர் கிராஷ் சிம்பலை விட்டு, மூடிய ஹை-ஹாட்டுக்கு (கால் மிதியால் மூடும் ஜோடி சிம்பல்) வரட்டும். கீபோர்டில் 'ஸ்டிரிங்ஸ்' டோனை வைத்து வயலின் வாசிக்கும் அதே வரியை யாராவது வாசித்தால் உடனே நிறுத்துங்கள். இயந்திரத்தின் அசையாத சுருதி பக்கத்தில் இருந்தால் நிஜ வயலினின் சின்னப் பிசகுகூடப் பெரிதாகக் காட்டிக்கொடுக்கும். இத்தனையும் செய்த பிறகு மைக் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அதற்குள் போயிருக்கும்.

அடுத்தது, ஆள் கணக்கு. ஒரே வரியை இரண்டு வயலின் சேர்ந்து வாசிப்பதுதான் இருப்பதிலேயே சங்கடமான எண்ணிக்கை. ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் அடுத்தவர் 443 ஹெர்ட்ஸிலும் நின்றால் விநாடிக்கு மூன்று முறை சத்தம் ஏறி இறங்கும். கேட்பவருக்கு 'சுருதி சேரலை' என்று படும். ஒருவர் வாசித்தால் அது தனி வாத்தியம். மூவர் வாசித்தால் பிசகுகள் ஒன்றில் ஒன்று கரைந்து கூட்டொலி ஆகிவிடும். மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால், இருக்கிற இருவரையும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் பிரித்து வையுங்கள். உங்கள் ஊரில் ஆள் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். சர்ச் பாடகர் குழுக்களில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பு) பார்த்து வாசிப்பவர்களை விசாரியுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு ரிகர்சல் போதும்.

பீட்டில்ஸ் குழு 1966-இல் வெளியிட்ட 'எலினார் ரிக்பி' பாட்டை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதில் வாசித்தவர்கள் 8 பேர்: 4 வயலின், 2 வயோலா, 2 செல்லோ. கிடாரும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. முழு டிரம்ஸை அடித்துக்கொண்டு இரண்டு வயலினில் அந்த அழுத்தத்தை எதிர்பார்த்தால் எப்படி?

இன்னொன்று, வில்லின் நீளம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டு என்பது 2 விநாடி. அழுத்தி வாசிக்கும்போது ஒரு வில் இழுப்புக்கு அதுதான் சௌகரியமான அளவு. எட்டுத் தட்டை ஒரே வில்லில் இழுக்கச் சொன்னால் சத்தம் மெலிந்துபோகும். நீள ஸ்வரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பாமல் ஆளுக்கொரு இடத்தில் திருப்பட்டும், இடைவெளியே தெரியாது.

கோயில் கொடைக்கு மைக் செட் போடுகிறவன் நான். வயலினுக்குப் பிக்கப் நல்லதா, கிளிப் மைக் நல்லதா? பிக்கப்பை நேராக மிக்ஸரில் சொருகினால் தகர டப்பா மாதிரி கேட்கிறது.
– வாசகர், திருநெல்வேலி டவுன்

திறந்தவெளி, பக்கத்தில் டிரம்ஸ் என்றால் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பொருத்தி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பிக்கப்தான் பிழைக்கும். மண்டபத்தில், டிரம்ஸ் தள்ளி இருந்தால் கிளிப் மைக் அழகாகக் கேட்கும். கண்டென்ஸர் வகை கிளிப் மைக்குகள் பெரும்பாலானவற்றுக்கு மிக்ஸரில் 48 வோல்ட் பேண்டம் பவரை (மைக் வயர் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட மறக்க வேண்டாம்.

தகர டப்பாச் சத்தத்துக்குக் காரணம் பிக்கப் இல்லை. பீசோவுக்கு முன்னால் சுமார் 1 மெகா ஓம் மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் சில பத்து கிலோ ஓம்தான். அதில் சொருகினால் கனமான கீழ் ஒலியெல்லாம் வடிந்து, மேலே கீச்சு மட்டும் மிஞ்சும். நடுவில் பீசோவுக்கான ஒரு ப்ரீஆம்பையோ (முன்பெருக்கி), அதிக உள்ளீட்டு மின்தடை உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸையோ (வாத்தியத்தை மிக்ஸரோடு பொருத்தும் பெட்டி) வையுங்கள்.

மிக்ஸரில் கீழ் ஒலியை வெட்டும் லோ-கட்டை 150 ஹெர்ட்ஸில் வைத்தால் வயலினுக்கு நஷ்டம் ஏதுமில்லை. டிரம்ஸின் அதிர்வு வெட்டுப்படும். விசிலடித்தால் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) இறக்காமல், விசிலடிக்கும் இடத்தை மட்டும் ஈக்வலைசரில் குறுகலாக வெட்டுங்கள். முதலில் 270–280 ஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். வயலின் கூட்டுக்குள் காற்று அதிரும் இடம் அது. மேடை மானிட்டரில் (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) வயலின்காரருக்கு அவருடைய சத்தத்தையே கொட்டாதீர்கள். சுருதிக்குக் கீபோர்டும் பாடகர் குரலும் போதும்.

ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் இருக்கிற இடத்தில் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் சேர்ந்துகொள்ளும். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை (சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிப்பது) அழுத்திப் பாருங்கள். மைக் வயர் மின்வயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். இரைச்சல் போகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கிடார் தந்தியில் கை வைத்திருப்பவன் உயிர் அதில் இருக்கிறது.

கர்நாடக முறையில் வயலின் படித்தவள். ஒரு ராக் குழுவில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். சுருதி முறையை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

ஒரே பாட்டு என்றால் வேண்டாம். அவர்கள் சுருதி 'ஈ' என்றால் உங்களுக்கு 3 கட்டை, 'ஏ' என்றால் 6 கட்டை. ஸ–ப–ஸ–ப வைத்தே வாசித்துவிடலாம். ஆனால் ஒரு கச்சேரியில் பத்துப் பாட்டு, பத்துக்கும் சுருதி வேறு. நடுவில் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) திருக நேரம் இருக்காது. அதற்கு மேற்கத்திய ஜி–டி–ஏ–ஈ சுருதி முறைதான் தோது. தளர்வாகவே இருந்து பழகிய பழைய தந்திகளை ஏற்றினால் அறுந்துபோகலாம். புதுத் தந்தி போட்டு, ஒவ்வொன்றாக, மெல்ல ஏற்றுங்கள். ஏற்ற ஏற்றக் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும். அவ்வப்போது நிமிர்த்தி வையுங்கள்.

ராக் குழுக்கள் சில கிடாரை அரைக் கட்டை இறக்கி வைத்திருக்கும். கிடாரில் 'ஈ' கார்டின் வடிவத்தைப் பிடித்தாலும் கேட்பது 2½ கட்டை. முதல் ரிகர்சலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். நீங்களும் நான்கு தந்தியையும் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம், தந்தி தாங்கும்.

மற்ற வயலினோடு சேர்ந்து வாசிக்கும்போது கமகத்தை அடக்கி, ஸ்வரத்தை நேராக நிறுத்துங்கள். தனி வரி கிடைத்தால் அடக்க வேண்டாம். உங்களைக் கூப்பிட்டதே அதற்காகத்தான் இருக்கும். நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயலினின் சுருள் தலையைக் காலில் ஊன்றிப் பழகிய கை இரண்டு வாரத்தில் மாறாது. ஓர் அடி உயரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் உட்கார்ந்து வாசியுங்கள்.

எலெக்ட்ரிக் வயலின் வாங்கினால் எல்லாம் தீருமா?
– வாசகர், வண்ணார்பேட்டை

விசில் பெரும்பாலும் தீரும். சுருதி தீராது.

செல்லோ வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. கீபோர்டில் ஒப்பேற்றலாமா?
– வாசகர், வள்ளியூர்

தாராளமாக. மேலே நிஜ வயலின், கீழே கீபோர்டு செல்லோ என்று வைத்தால் காது மேலே உள்ளதை நம்பிக் கீழே உள்ளதையும் ஏற்றுக்கொள்ளும். தலைகீழாக வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பேஸ் கிடாரின் அடி 41 ஹெர்ட்ஸ், செல்லோவின் அடி 65. இரண்டும் ஒரே ஸ்தாயியில் புரண்டால் சேறுதான். செல்லோ வரியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுதுங்கள்.

சாரல் சீசனில் பிருடை இறுகிக்கொள்கிறது, சித்திரையில் வழுக்குகிறது. கச்சேரி நடுவே இப்படி ஆனால்?
– வாசகர், தென்காசி

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். வழுக்கினால் பிருடையைச் சற்றே வெளியே இழுத்து, சாக்பீஸ் தூளைத் தடவி, உள்நோக்கி அழுத்தியபடி திருகுங்கள். இறுகினால் மரச்சுத்தியல் வேலையெல்லாம் வேண்டாம். ஃபைன் டியூனரை (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகு) நான்கு தந்திக்கும் போட்டுவிட்டால் கச்சேரி நடுவே பிருடையைத் தொடவே வேண்டியிராது. வெயிலில் நிற்கும் வேனுக்குள் வயலினை விடாதீர்கள். ஒட்டியிருக்கும் பசை இளகி விளிம்பு பிரியும், வில்லில் தேய்க்கும் ரோசின் உருகிப் பெட்டியில் வழியும். ஆனி, ஆடிக் காற்றில் திறந்த மேடை என்றால் கிளிப் மைக்குக்கு நுரை உறை கட்டாயம். நொட்டேஷன் தாளுக்கு, பக்கத்துக்கு நான்கு துணி கிளிப்.