‘லாட்டரி’ கதைக்கு வந்த கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ கதையைப் படித்தேன். ஓர் அமெரிக்கக் கிராமத்தில் வருடாவருடம் சீட்டு எடுக்கிறார்கள். கரும்புள்ளிச் சீட்டு யாருக்கு வருகிறதோ அவரை ஊரே சேர்ந்து கல்லால் அடித்துக் கொல்கிறது. 1948இல் இது நியூயார்க்கர் இதழில் வெளியானபோது வாசகர்கள் கொதித்துப்போய் சந்தாவையே நிறுத்தினார்களாம். உலகப்போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதைவிடக் கொடியதையெல்லாம் செய்தியாகப் படித்தவர்கள் ஒரு கற்பனைக் கொலைக்கா இவ்வளவு கோபப்பட்டார்கள்?

கே.

அன்புள்ள கே.,

கொலைக்காகக் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். போர்ச் செய்திகளில் கொன்றவர்கள் வேறு நாட்டுக்காரர்கள், வேறு சீருடைக்காரர்கள். இந்தக் கதையில் சீட்டை நடத்தும் சம்மர்ஸ் நிலக்கரி வியாபாரி, ஊரின் நடன நிகழ்ச்சிகளையும் அவரே நடத்துகிறார். ஆண்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஜாக்சன் அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். தன் ஊரை வைத்தே எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

போதாததற்கு, அந்தக் காலத்தில் நியூயார்க்கர் இதழ் கதைக்கு மேல் ‘சிறுகதை’ என்று போடுவதில்லை. இதழின் தேதி ஜூன் 26, கதை நடப்பது ஜூன் 27. சிலர் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் தனக்கு வந்த முன்னூற்றுச் சொச்சம் கடிதங்களில் 13 மட்டுமே அன்பாக இருந்தன, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று ஜாக்சன் பின்னாளில் சொன்னார். அப்பாவுக்கும் எனக்கும் உன் கதை பிடிக்கவே இல்லை என்று அவர் அம்மாவே எழுதினார். (எழுத்தாளர்களின் அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.) திட்டியவர்களை விடுங்கள். இந்தச் சீட்டு எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டுச் சிலர் எழுதினார்கள் பாருங்கள், அவர்கள்தான் என்னை உலுக்கியவர்கள்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. யார் பக்கமாவது ஒதுங்கி நிற்க நமக்கு ஒரு நல்லவர்கூட அந்தக் கதையில் இல்லை. சாகப்போகும் டெஸ்ஸி, இன்று என்ன நாள் என்பதையே மறந்துவிட்டுத் தாமதமாக ஓடிவருகிறாள், சிரித்துப் பேசுகிறாள். முதல் சுற்றில் குடும்பத்துக்கு ஒருவர்தான் சீட்டு எடுக்கிறார்கள். கணவனின் பெயரைக் கூப்பிட்டதும் ‘போ, போய் எடு’ என்று அவனைக் கிளப்பிவிடுகிறாள், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். புள்ளி தன் குடும்பத்துக்கு வந்து, இனி அந்தக் குடும்பத்துக்குள் மறுபடி சீட்டு என்று ஆன பிறகுதான் ‘இது நியாயமில்லை’ என்று கத்துகிறாள். அப்போதும் அவள் கேட்பது என்ன? கல்யாணமாகிப் போன தன் மகளையும் இந்தச் சுற்றில் சேருங்கள் என்று! பெண்கள் கணவன் வீட்டோடுதான் எடுப்பார்கள், அது உனக்கே தெரியுமே என்கிறார் சம்மர்ஸ். வழக்கத்தை அவள் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. புள்ளி வேறொருத்திக்கு வந்திருந்தால் அவள் கையிலும் ஒரு கல் இருந்திருக்கும். அவளுடைய சின்னப் பையன் டேவிக்கே யாரோ கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள்.

இப்படி ஒரு கதையைப் படித்துவிட்டு எழுத்தாளர் மேல் பாயாமல் வேறு யார் மேல் பாய்வது?

ஏன் இந்தச் சடங்கு என்று ஜாக்சன் கதைக்குள் எங்கும் சொல்லவில்லை. ‘ஜூனில் லாட்டரி, சோளம் கொழிக்கும்’ என்று வார்னர் கிழவர் ஒரு பழமொழி சொல்வார், அவ்வளவுதான். அப்புறம், தென்னாப்பிரிக்காவில் இந்தக் கதைக்குத் தடையே விதித்தார்கள். அதில் ஜாக்சனுக்கு எப்போதும் பெருமை, அவர்களுக்காவது கதை புரிந்ததே என்று நினைத்தார் என்கிறார் அவருடைய கணவர்.