கப்பல் ரத்து, காசு வருமா?

கேள்வி: தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்தினோம். அதற்குப் பரிசாக அப்பா அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பலில் கூட்டிப் போவதாகத் திட்டம், துணைக்கு நானும் கணவரும். தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட் மூலம் மொத்தம் 2,84,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது 'இந்தப் பயணம் ரத்து' என்று மெயில் வந்திருக்கிறது. கட்டிய தொகைக்கு 125 சதவீதம் 'கிரெடிட்' (அவர்களுடைய இன்னொரு பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவு) தருகிறார்களாம், வேண்டாம் என்றால் பணம் திரும்ப. பத்து நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கிரெடிட்தானாம். ஏஜென்ட் "கிரெடிட்டே வாங்குங்க மேடம், லாபம்" என்கிறார். திருச்சி - சிங்கப்பூர் விமான டிக்கெட் தனியாக எடுத்தது, ரத்து செய்தால் காசு வராத வகை. என்ன செய்யட்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த மெயிலில் இருக்கிற எந்தப் பொத்தானையும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பத்து நாள் கெடுவைக் காலண்டரில் குறித்து வைத்து ஏழாம் நாளுக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்தால் கிரெடிட் என்று அவர்கள் வைத்திருப்பதே நம்மில் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுவோம் என்ற கணக்கில்தான்.

யார் ரத்து செய்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால் நீங்களாக ரத்து செய்திருந்தால் கட்டியதில் கணிசமான பங்கு போயிருக்கலாம். இங்கே ரத்து செய்தது கப்பல்காரர்கள், அதனால் முழுப்பணமும் உங்களுடையது. ஏஜென்ட் போனில் "அப்ப கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார், 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். 'நிறுவனம் பயணத்தை ரத்து செய்துவிட்டதால் கட்டிய தொகை முழுவதையும் பணமாகத் திரும்பக் கேட்கிறேன்' என்று இதே வார்த்தைகளில் மெயில் அனுப்புங்கள், ஏஜென்டுக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் ஒரே மெயிலில்.

125 சதவீதம் கேட்கத் தித்திப்பாகத்தான் இருக்கும். காய்கறிக் கடையில் கொசுறாகப் போடும் கொத்தமல்லியைப் பார்த்துவிட்டு வாடின கத்தரிக்காயை வாங்கிய அனுபவம் எல்லோருக்கும் இருக்குமே, அதுதான் இது. நிபந்தனையைப் படியுங்கள்: எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், அறை வாடகைக்கு மட்டுமா, துறைமுக வரிக்கும் செல்லுமா, நாலு பேரும் ஒன்றாகத்தான் போக வேண்டுமா, உங்களுக்குப் பதில் தம்பி போகலாமா. அப்புறம் அதே கப்பல், அதே மாதிரி அறை, நீங்கள் போகக்கூடிய தேதியில் இன்றைக்கு என்ன விலை என்று பாருங்கள். விலை கால்வாசி ஏறியிருந்தால் கொசுறு அங்கேயே தீர்ந்துபோச்சு.

கிரெடிட் என்றால் நீங்கள் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் கைமாத்து, அதுவும் வட்டியில்லாமல். 2022 ஜனவரியில் கெண்டிங் ஹாங்காங் என்ற பெரிய கப்பல் குழுமம் கையில் காசில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனது, சிங்கப்பூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதன் கப்பலும் மார்ச் தொடக்கத்தில் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது டிக்கெட்டோடு நின்றவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். எந்த நிறுவனமும் கவிழும் என்று பயமுறுத்தவில்லை. அறுபது வயசுக்காரர்களின் பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, காசையும் அங்கேயே விட்டு வைக்கும் அளவுக்கு அந்தக் கொசுறு பெறுமா என்றுதான் கேட்கிறேன். நானாக இருந்தால் பணத்தைத்தான் கேட்பேன்.

மெயிலில் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. உங்கள் விமான டிக்கெட் வீணாகாமல் இருக்க, அதே வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் இன்னொரு பயணத்துக்கு, முதலில் கட்டிய விலையிலேயே மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பல சமயம் செய்கிறார்கள், கேட்காதவருக்குச் சொல்வதில்லை. சம்மதித்தால் அறை வகை, எந்தத் தளம், சாப்பாட்டு நேரம் எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று புது உறுதிச் சீட்டைப் பார்த்த பிறகே பழையதை விடுங்கள். அப்பாவுக்கு மூட்டுவலி இருந்தால் லிஃப்ட் பக்கத்து அறையாக முதலில் கேட்டிருப்பீர்கள், மாற்றும்போது தொலைந்துபோவது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான்.

விமான டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்ய வேண்டாம். விமான நிறுவனம் தானாகவே விமானத்தை ரத்து செய்தாலோ நேரத்தைப் பெரிதாக மாற்றினாலோ முழுப்பணமும் கேட்கலாம், கடைசி வாரம் வரை பொறுத்துப் பார்க்கலாம். எதுவும் நடக்கவில்லை என்றால், காசு வராத டிக்கெட்டிலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரும், அதை விட்டுவிடாதீர்கள். இல்லையா, கப்பல் இல்லாமலே நாலு நாள் சிங்கப்பூரைச் சுற்றிவிட்டு வாருங்கள். அம்மாவுக்கு அதுவே பிடித்திருக்கலாம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். பணமாகத் திரும்பினால் அவர் கமிஷனும் கையைவிட்டுப் போகலாம், கிரெடிட் என்றால் அது பத்திரம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் சொன்ன 'லாபம்' யாருக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அவரிடம் கட்டியதால் பணமும் அவர் கணக்குக்குத்தான் முதலில் போகும். எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் 'சேவை கிடைக்கவில்லை' என்று சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி மூலம் திருப்பி வாங்குவது) கேட்கலாம், அதற்கும் கெடு உண்டு, இழுத்தடித்தால் தாமதிக்காதீர்கள். அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணியிருந்தால் அந்த வழி கிடையாது, அடுத்த முறைக்கு நினைவிருக்கட்டும்.

அப்படியும் தரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு என்று டி.சி.எஸ். (விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருப்பார்கள், ரசீதில் பாருங்கள். அது ஏஜென்டின் கட்டணமல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறும் வரி. திருப்பித் தராவிட்டால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. நல்லூர்த் தேருக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போக ஆசை. போன முறை பதிவு செய்து, கடல் சரியில்லை என்று ரத்தாகிவிட்டது. இந்த முறை எப்படித் திட்டம் போடுவது?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நாகைப் பக்கத்துக்காரரான உங்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை சுமார் 60 கடல் மைல், ஏறக்குறைய நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி ஓடி, நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. இந்தத் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கப்பலை நம்பிக் கல்யாணத் தேதி வைக்கக் கூடாது என்று புரியும். நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் வருகிறது, அந்த வகையில் உங்களுக்குக் காலம் தோதுதான். ஆனாலும் சின்னக் கப்பல், காற்று பலத்தால் நிற்கும். அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. திருவிழா 25 நாள், தேர் 24-ஆம் நாள். தேருக்கு முதல் நாள் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுக்காதீர்கள், நாலு நாள் முன்னால் போய்விடுங்கள், சித்தப்பா வீட்டில் சோறு போடாமலா இருப்பார்கள்? திரும்பி வரும் தேதிக்கு அடுத்த நாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் நின்றால் மாற்றாகச் சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு விமானம் இருக்கிறது, 2025-இல் திருச்சியிலிருந்தும் தொடங்கினார்கள். அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா பினாங்கு போன காலத்தில் 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்துக் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அலை பெரிதாக இருந்தால் நாகூரில் தங்கிக் காத்திருந்தார்களாம். எந்தக் கஸ்டமர் கேருக்கும் போன் போட முடியாது, அதுவும் ஒருவகையில் நிம்மதிதான்!

கேள்வி: கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால் ஐம்பது நிமிஷம் பாட்டுப் போடுகிறார்கள், பிறகு கட்டாகிவிடுகிறது. சாட்டில் எழுதினால் ஏதோ இயந்திரம் 'உங்கள் பயணம் இனிதாகட்டும்' என்கிறது. மனிதரைப் பிடிப்பது எப்படி?
- வாசகி, மன்னார்குடி

பதில்: போன வருஷம் ஒரு நிறுவனத்தோடு (பேர் வேண்டாம்) நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இட்லிக்கு அரைத்து முடித்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நாலாவது நாள்தான் சூட்சுமம் புரிந்தது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அவர்கள் ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது நமக்குக் காலை ஆறரை. ஆறரைக்கு அடித்தேன், மூன்றாவது நிமிஷம் ஒரு பெண் பேசினார், தமிழ்ப் பெண் வேறு.

ஆள் கிடைத்ததும் கதையை முதலிலிருந்து சொல்லாதீர்கள். புக்கிங் எண், பயணத் தேதி, என்ன வேண்டும், மூன்று வாக்கியம் போதும். அவர் பெயரையும் புகார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனை வைத்த கையோடு 'இன்று இத்தனை மணிக்கு இன்னாரோடு பேசினேன், இப்படிச் சொன்னார்' என்று ஒரு மெயில் தட்டுங்கள். போனில் சொன்ன வார்த்தைக்குப் பிறகு சாட்சி அந்த மெயில் ஒன்றுதான். எடுத்தவர் முடியாது என்றால் சண்டை போடாமல் நன்றி சொல்லிவிட்டு மறுபடி அடியுங்கள், அடுத்தவர் முடியும் என்பார். இது நியாயமே இல்லை, ஆனால் நடக்கிறது.

நம்மவர்களுக்கென்றே இருக்கும் தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், கப்பல் படிவமோ அது இல்லாமல் நகராது. அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் சொந்தப் பெயரையே இரண்டு தடவை போடுவார். பயணம் மாற்றும்போது விமானத்தில் ஒரு பெயர், கப்பலில் ஒரு பெயர் என்று ஆகி, திருத்தக் காசு கேட்பார்கள். எப்படிப் போட வேண்டும் என்று நிறுவனத்திடம் முதலிலேயே மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புக்கெட் போகும் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, வானிலை என்று அங்கே நிற்காமல் கடலிலேயே சுற்றிக் கூட்டி வந்துவிட்டார்கள். நஷ்டஈடு உண்டா?
- வாசகர், காரைக்கால்

பதில்: பெரும்பாலும் கிடையாது. துறைமுகத்தை மாற்றவும் விடவும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நாமும் டிக் அடித்திருப்போம். இறங்காத துறைமுகத்தின் வரியும், கப்பல் மூலமே பதிவு செய்த ஊர்சுற்றலின் காசும் திரும்ப வரும், கணக்கில் வந்ததா என்று பாருங்கள். வெளியில் தனியாக வேன் பேசியிருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் விவசாயி. எந்த மாதம் புக் செய்தால் ரத்தாகாமல் போய் வரலாம்?
- வாசகர், பாபநாசம்

பதில்: ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று தேதி இருக்கிறது, ஆனால் தண்ணீர் இருந்தால்தானே திறக்கிறார்கள்? அந்தத் தேதியை நம்பி எவ்வளவு விதை நெல்லை முன்கூட்டி நனைப்பீர்களோ, அவ்வளவுதான் கப்பல் தேதியையும் நம்ப வேண்டும். இயந்திரக் கோளாறு, பழுதுபார்க்கும் தளத்திலிருந்து திரும்பத் தாமதம், ஒரு பெரிய கம்பெனி கப்பல் மொத்தத்தையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று ரத்துக்கு நமக்குத் தெரியாத காரணங்கள் நிறைய உண்டு, மாதம் பார்த்து அதைத் தவிர்க்க முடியாது.

வானிலைக்கு மட்டும் சொல்லலாம். சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறியதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து என்றால் மலாக்கா நீரிணைப் பக்கம் போகும் கப்பல் அமைதியாக இருக்கும், டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல் பக்கம் ஆட்டம் அதிகம். உங்களுக்குச் சம்பா அறுவடை முடிந்து நெல் போட்டுக் காசு கைக்கு வந்த பிறகு, மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டைக் கப்பலுக்குப் பணம் கட்டிய வாரமே எடுங்கள், புயல் பெயர் செய்தியில் வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. கப்பல் கிளம்பும் நாள் காலையில் திருச்சியில் விமானம் ஏறுவது போலத் திட்டம் போடாதீர்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, பணமும் வராது. முதல் நாளே போய் லிட்டில் இந்தியாவில் ஒரு அறை போட்டுத் தூங்கிவிட்டு, மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போங்கள்.